192வது தடவை படம் திரும்பி வந்தது

போன செமஸ்டர், ரெண்டாவது ரிவ்யூ. எங்க டீம்ல மூணு பேர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் ரொம்ப கெத்தா இருந்தது: 'கேயாஸ் தியரி அடிப்படையில் படங்களைப் பாதுகாத்தல்'. எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் வெயில்ல வெடிச்சுக் கிடந்த ஒரு கரிசல் புஞ்சையை போன்ல எடுத்து, 256க்கு 256 பிக்சல் கருப்பு வெள்ளைப் படமா சுருக்கி வச்சிருந்தோம். 'ஆர்னால்ட் கேட் மேப்' போட்டு 10 தடவை கலைச்சா, டிவில சிக்னல் போன மாதிரி வெறும் புள்ளிதான். திருப்பிக் கலைச்சா பழைய படம். எல்லாரும் தலையாட்டினாங்க. ஒரு மேடம் மட்டும் கேட்டாங்க:

"10 தடவையில நிறுத்திட்டீங்க. நிறுத்தாம ஓட விட்டா என்னப்பா ஆகும்?"

"இன்னும் நல்லா கலையும் மேடம்."

"ஓட விட்டுப் பாத்தீங்களா?"

பாக்கல. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ஓட விட்டோம். 50, 100, 150 வரைக்கும் அதே புள்ளிக்காடு. நடுவுல சில தடவை மட்டும் ஏதோ பேய் மாதிரி நிழல் தெரிஞ்சு மறைஞ்சது. 192வது தடவை, ஸ்கிரீன்ல பளிச்சுன்னு எங்க கரிசல் புஞ்சை. ஒரு பிக்சல் கூட பிசகல. சாவியே இல்லாம, கலைக்கிற ப்ரோக்ராமே பூட்டைத் திறந்து கொடுத்துடுச்சு.

இது எங்க டீமோட தனி அசட்டுத்தனம்னு விட்டிருப்பேன். ஆனா இந்த டைட்டிலை மாத்தி மாத்தி வருஷா வருஷம் யாராவது எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. அடுத்த பேட்ச்லயும் யாராவது எடுப்பாங்க. அதனால இதுக்குள்ள இருக்கிற கணக்கைக் கொஞ்சம் பேசணும்னு தோணுச்சு. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: ஒரு உருமாற்றத்தை கம்ப்யூட்டர்ல தோராயமாக்கினதும், அந்த உருமாற்றத்தோட குணமெல்லாம் நம்ம ப்ரோக்ராமுக்கும் வந்துடுச்சுன்னு எழுதிக்கிறோம் பாருங்க, அது தப்பு. தோராயம் எதைக் காப்பாத்துது, எதைத் தொலைக்குதுன்னு பாக்காம 'கேயாஸ்'ங்கற வார்த்தையை டைட்டில்ல போடக்கூடாது.

கேட் மேப் என்ன செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு: ஒவ்வொரு பிக்சலுக்கும் குறுக்கு எண் ஒண்ணு, நெடுக்கு எண் ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா வர்றது புது குறுக்கு எண். அந்தப் புது எண்ணோட பழைய நெடுக்கு எண்ணைக் கூட்டினா புது நெடுக்கு எண். 256ஐத் தாண்டினா வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோ. அவ்ளோதான். விளாதிமிர் ஆர்னால்ட் 1960களில் இதை ஒரு பூனை முகத்தை வரைஞ்சு விளக்கினார், அதனால பூனை பேர் ஒட்டிக்கிச்சு. படத்தை ரப்பர் மாதிரி சாய்வா இழுத்து, வெளியே போற பாகத்தை வெட்டி மறுபடி சதுரத்துக்குள்ளயே வச்சிடுது. பரப்பளவு மட்டும் துளி கூட மாறாது. இந்த மாதிரி, வடிவத்தைக் குலைச்சாலும் அளவைக் குலைக்காத மாற்றங்களுக்குத்தான் 'அளவு மாறா உருமாற்றம்'னு பேர். அதை மறுபடி மறுபடி செஞ்சா நாளடைவுல என்ன ஆகும்னு கேக்குற கணிதம்தான் எர்கோடிக் தியரி.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்ல. கரிசல் மண் தன்னைத்தானே உழும்னு எங்க தாத்தா சொல்வார். சித்திரை வெயில்ல கை நுழையிற அளவுக்கு வெடிப்பு விடும், மேல் மண்ணு பொடியா உதிர்ந்து அதுக்குள்ள விழும். ஐப்பசி மழை வந்ததும் அடியில இருக்கிற களி ஊதிப் பெருத்து மேல தள்ளும். மண் விஞ்ஞானிகள் இந்த வகை மண்ணுக்கு வெர்டிசால்னு பேர் வச்சதே, லத்தீன்ல 'புரள்' என்கிற வேர்ச்சொல்லில் இருந்துதான். மழை அரிச்சுக்கிட்டுப் போறதைக் கணக்கில் சேர்க்கலேன்னா, புஞ்சையில மண் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இடம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. (ஊதும்போது கன அளவு மாறுமேன்னு கேட்டா, நியாயமான கேள்வி. எடையை அளவா எடுத்துக்கோங்க.) ஆனா எத்தனை ஐப்பசி போனாலும் ஒவ்வொரு மண் துகளும் ஒரே நாள்ல பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிக்கும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. எங்க படம் மட்டும் ஏன் வந்து நின்னது?

பதில் ரொம்ப எளிமை. கம்ப்யூட்டர்ல இருந்தது உண்மையான கேட் மேப் இல்ல. 65,536 பிக்சல்களை இடம் மாத்தி உக்கார வைக்கிற ஒரு வரிசைமாற்றம். எண்ணிக்கைக்கு அடங்கின பொருட்களை ஒரே விதியில திரும்பத் திரும்ப மாத்தினா, என்னைக்காவது ஒரு நாள் பழைய வரிசை வந்தே தீரும். ரூபிக்ஸ் கியூப் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்: ஆர், யூ, ஆர் ப்ரைம், யூ ப்ரைம்னு நாலு திருப்பு. முடிஞ்ச கியூப்ல ஆரம்பிச்சு அதையே 6 தடவை செஞ்சா முடிஞ்ச கியூபே திரும்ப வரும். கியூப்ல எந்தத் திருப்பு வரிசையை எடுத்தாலும், அதையே செஞ்சுக்கிட்டிருந்தா அதிகபட்சம் 1,260 தடவைக்குள்ள திரும்பி வந்துடும்.

கேட் மேப்புக்கு இந்தச் சுழற்சி நீளம் படத்தோட அளவைப் பொறுத்து ஏறுக்கு மாறா ஆடும். 250க்கு 250 படம்னா 750 தடவை. 256ன்னா 192. இன்னும் பெரிய படம் எடுத்தா பாதுகாப்பு கூடும்னு நினைச்சு 377க்கு 377 எடுத்தோம்னு வைங்க, வெறும் 14 தடவையில திரும்பி வந்துடும்! காரணம் ஃபிபொனாச்சி. 1, 1, 2, 3, 5, 8ன்னு போற தொடரை ஒரு படி நகர்த்துற மேட்ரிக்ஸை ரெண்டு தடவை பெருக்கினா கேட் மேப் மேட்ரிக்ஸ் வரும். 377 அந்தத் தொடர்ல 14வது எண். 1992ல் ஃப்ரீமேன் டைசனும் ஹரால்ட் ஃபாக்கும் இந்தச் சுழற்சி நீளத்துக்கு ஒரு மேல் வரம்பு போட்டாங்க: படத்தின் பக்க அளவைப் போல மூணு மடங்கை அது தாண்டவே தாண்டாது. 65,536 பிக்சலைக் கலைக்க எத்தனை வழி இருக்குன்னு எழுதினா இந்தப் பக்கம் பத்தாது. அதுல 192ஐ மட்டும் வச்சுக்கிட்டு நாங்க 'பாதுகாத்தல்'னு டைட்டில் போட்டிருக்கோம்.

இதுல இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு. எங்க ப்ரோக்ராம்ல ரவுண்டிங் பிழையே கிடையாது. எல்லாம் முழு எண். 256ஆல் வகுபடுற பின்னப் புள்ளிகள் மேல கேட் மேப் என்ன செய்யுமோ, அதை அப்படியே துல்லியமாத்தான் செஞ்சோம். அப்புறம் எங்க தப்பு? நாங்க போய் நின்ன இடமே தப்பு. பின்னப் புள்ளிகள் எல்லாமே உண்மையான கேட் மேப்பிலும் சுழற்சியில்தான் மாட்டியிருக்கு. ஆனா சதுரத்துக்குள்ள இருக்கிற மொத்தப் புள்ளிகள்ல அதுங்களோட பங்கு பூஜ்யம். எர்கோடிக் தியரி தேற்றங்கள்ல 'ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளுக்கும்'னு ஒரு சொல் வரும். வகுப்புல அதைப் படிச்சா யாரும் கண்டுக்க மாட்டோம். அந்தச் சொல் விலக்கி வைக்கிற பூஜ்யப் பங்குக்குள்ளதான் கம்ப்யூட்டர் மொத்தமா குடியிருக்கு.

இதை விட மோசமான ஒண்ணைப் பாக்கணுமா? லேப்டாப்பைத் திறங்க. 0.1 எடுத்துக்கிட்டு ரெட்டிப்பாக்குங்க, 1ஐத் தொட்டா 1ஐக் கழிங்க, மறுபடி ரெட்டிப்பு. பேப்பர்ல செஞ்சா 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2ன்னு காலத்துக்கும் சுத்தும். பைத்தான்ல ஓட்டினா சரியா 55வது தடவை 0. அதுக்கப்புறம் எப்பவும் 0தான். ஏன்னா மெஷினுக்கு 0.1ங்கறது 0.1 இல்ல, 2ஐ 55 தடவை பெருக்கின எண்ணைக் கீழ வச்ச ஒரு பின்னம். ஒவ்வொரு ரெட்டிப்பும் ஒரு பைனரி இலக்கத்தைத் தின்னுடுது. இலக்கம் தீர்ந்தா பூஜ்யம். இதுவும் அளவு மாறா உருமாற்றம்தான். ஏறக்குறைய எந்த எண்ல ஆரம்பிச்சாலும் 0க்கும் 1க்கும் நடுவுல எல்லா இடத்துக்கும் சமமாப் போய் வரும்னு நிரூபணமே இருக்கு. கம்ப்யூட்டரோ எங்க ஆரம்பிச்சாலும் செத்துப் போகுது.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கேட் மேப்பைக் கட்டத்துக்குள்ள கொண்டு வந்தப்ப அது வரிசைமாற்றமா நின்னது. பிக்சல் கூடல, குறையல. ரெட்டிப்பு மேப்ல 0.1ம் 0.6ம் ஒரே 0.2க்குப் போகுது. ரெண்டு பேர் ஒரு நாற்காலி. கட்டத்துல ஒவ்வொரு படிக்கும் பாதி நாற்காலி காலியாகிடுது, அளவு கசிஞ்சு போயிடுது. நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர்ல பிழை எவ்வளவு சின்னதுன்னு மட்டும்தான் கேக்குறோம். எந்தக் குணத்தைக் காப்பாத்திச்சுன்னு கேக்குறதே இல்ல.

அப்ப அளவு மாறாத ஒண்ணை கம்ப்யூட்டர்ல அளவு மாறாமலே தோராயமாக்க முடியுமா? முடியும். 1971ல் பீட்டர் லாக்ஸ் மூணே பக்கத்துல இதை நிரூபிச்சார். நம்ம ஊர் பாஷையில சொல்றேன். 2020ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம கடலை மிட்டாய், ஒரு சதுரப் பாளமா இருக்குன்னு வைங்க. சரிசமமான துண்டுகளா கோடு போட்டாச்சு. அளவு மாறாத, ஒன்றுக்கு ஒன்றான, தொடர்ச்சியான ஒரு உருமாற்றம் வந்து பாளத்தை இழுத்து வளைச்சுடுது. ஒவ்வொரு துண்டும் கோணல் மாணலாகி, பழைய கட்டங்கள்ல நாலஞ்சு மேல பரவிக் கிடக்கு. இப்ப ஒவ்வொரு துண்டையும் அது தொட்டுக்கிட்டிருக்கிற ஏதாவது ஒரு கட்டத்துல முழுசா உக்கார வைக்கணும், ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டுதான். முடியுமா?

கல்யாணத் தரகர் கணக்கு இது. ஃபிலிப் ஹால் 1935ல் சொன்ன 'கல்யாணத் தேற்றம்' ஒரே ஒரு நிபந்தனைதான் கேக்கும்: எந்தப் பத்துத் துண்டை எடுத்தாலும், அவங்க எல்லாருமா சேர்ந்து தொடுற கட்டம் பத்துக்குக் குறையக்கூடாது. எந்த நூறை எடுத்தாலும் நூறுக்குக் குறையக்கூடாது. இங்க அது தானா நடக்குது. பத்துத் துண்டு இழுபட்ட பிறகும் பரப்பு பத்துத் துண்டுதான், ஒண்ணு மேல ஒண்ணு ஏறவும் இல்ல. அதை ஒன்பது கட்டத்துக்குள்ள எப்படி அடைப்பீங்க? ஆக எல்லாருக்கும் ஜோடி கிடைச்சுடும். துண்டுகளைப் பொடிசாக்கப் பொடிசாக்க, இந்த வரிசைமாற்றம் அசல் உருமாற்றத்தை எவ்வளவு வேணாலும் நெருங்கும். நான் படிச்ச நிரூபணங்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 'அளவு மாறாது'ங்கற ஒரே தகவல் நேரா போய் தரகர் நிபந்தனையில உக்காருது.

ஆனா கவனிங்க, லாக்ஸ் கொடுக்கிற நெருக்கம் ஒரு படிக்குத்தான். கட்டத்தைப் பொடிசாக்கினா பத்து படி, நூறு படி வரைக்கும் நீட்டலாம். கடைசி வரைக்கும் ஒண்ணா நடக்கும்னு அவர் சொல்லவே இல்ல. சொல்லவும் முடியாது. நல்லா கலக்குற உருமாற்றத்தையும் வரிசைமாற்றம் நெருங்கும், கலக்கவே கலக்காத உருமாற்றத்தையும் வரிசைமாற்றம் நெருங்கும். ரெண்டுக்கும் ஒரே சான்றிதழ் கொடுக்கிறவரை நம்பி எது கலக்கும்னு எப்படி முடிவு பண்றது?

இந்த இடத்துல ஒரு சென்னைக்காரரை இழுக்கணும். கே. ஆர். பார்த்தசாரதி. 1936ல் சென்னையில் பிறந்தவர், விவேகானந்தா காலேஜ்ல படிச்சவர். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப, 1961ல் எர்கோடிக் அளவுகள் பத்தி ஒரு கட்டுரை போட்டார். (அப்ப அங்கே கூட இருந்த இன்னொரு சென்னைப் பையன் எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன், 2007 ஆபெல் பரிசு.) பூஜ்யமும் ஒண்ணுமா முடிவில்லாம ஓடுற தொடர்களை நினைச்சுக்கோங்க. காலம் நகர்ந்தாலும் நிகழ்தகவு மாறாத விதிகள் எல்லாத்தையும் ஒரு கூடையில போடுங்க. அந்தக் கூடையில ஏறக்குறைய எங்க கை வச்சாலும் எர்கோடிக் விதிதான் மாட்டும், ஆனா முழுசா கலக்குற விதிகள் ரொம்ப அபூர்வம்னு காட்டினார். உருமாற்றங்களுக்கு இதே மாதிரி ஒரு ஜோடி முடிவை 1944ல் ஹால்மோஸும் 1948ல் ரோக்லினும் கொடுத்திருந்தாங்க. ஒருத்தர் 'பொதுவா கலக்கும்'னார், இன்னொருத்தர் 'பொதுவா கலக்காது'ன்னார். சண்டை இல்ல. 'கலக்குறது'ல வலுவானது, வலுவில்லாதது ரெண்டு வகை இருக்கு, அவ்ளோதான்.

அதே கூடையில வெறும் சுழற்சித் தொடர்களும் எல்லா மூலையிலயும் பரவிக் கிடக்கு. உதாரணம் சின்னது: 00010111. இதையே திரும்பத் திரும்ப எழுதுங்க. மூணு மூணு இலக்கமா ஜன்னல் வச்சுப் பாத்தா 000ல இருந்து 111 வரைக்கும் எட்டும் சரிசமமா வரும். காசு சுண்டிப் போட்ட தொடரா, இந்தத் தொடரான்னு அந்த ஜன்னல் வழியா கண்டுபிடிக்கவே முடியாது. நாலு இலக்க ஜன்னல் வச்சா குட்டு உடைஞ்சுடும். எங்க ரிவ்யூ ஸ்லைடும் அதே கதைதான். 10 படி ஜன்னல். அதுக்குள்ள எல்லாம் கேயாஸ் மாதிரிதான் தெரிஞ்சது.

இதை நான் சொன்னப்ப நண்பர்கள் ரெண்டு பதில் சொன்னாங்க. முதல் பதில்: "மேட்ரிக்ஸ்ல இருக்கிற எண்களை மாத்தினா சாவி பெருசாகும்ல?" ஆகும். ஆனாலும் அது இடமாற்றம்தான். பிக்சலோட நிறம் மாறாது, அதனால கலைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ஹிஸ்டோகிராமும் பின்னாடி எடுத்ததும் அச்சு அசலா ஒண்ணு. அளவு மாறாமைங்கற அதே நல்ல குணம் இங்க காட்டிக் கொடுக்குது! இதுல 256 சாம்பல் நிறம் இருக்கா, 256ஐ 256ஆல் பெருக்கினா 65,536. நானே தயாரிச்ச ரெண்டே ரெண்டு படத்தை உங்க ப்ரோக்ராம் வழியா அனுப்ப விட்டீங்கன்னா, முதல் படத்துல ஒவ்வொரு பிக்சலோட குறுக்கு எண்ணை நிறமா ஒளிச்சு வைப்பேன், ரெண்டாவதுல நெடுக்கு எண்ணை. வெளியே வந்ததும் எந்த பிக்சல் எங்க போச்சுன்னு மொத்த வரைபடமும் என் கையில. சாவி எவ்வளவு பெருசுங்கறதைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. 1998ல் இந்தத் துறைக்கு வழி போட்ட ஜெசிகா ஃப்ரிட்ரிச் கலைக்கிறதோட நிறுத்தல, நிறங்களை மாத்திப் பரப்புற படியையும் சேர்த்துத்தான் எழுதினார். (ஆமா, ரூபிக்ஸ் கியூப் ஃப்ரிட்ரிச் மெத்தட் அவருடையதுதான்.) நாமதான் பாதியைக் காப்பியடிச்சுட்டு மீதியை விட்டுட்டோம்.

ரெண்டாவது பதில்: "மார்க் வருதுல்ல, விடுலே." இதுக்குத்தான் எனக்குக் கோபம். மார்க் வரும்னு எனக்கும் தெரியும். வேலைக்குப் போற இடத்துல யாரோ ஒருத்தரோட ஸ்கேன் படத்தையோ ஆதார் நகலையோ நாம இதே நம்பிக்கையோட 'பாதுகாத்து' வைக்கப் போறோம். அங்க வந்து "நிறுத்தாம ஓட விட்டா என்ன ஆகும்"னு கேக்க மேடம் இருக்க மாட்டாங்க.

கேட் மேப் எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. எடுங்க, ஆனா சுழற்சி நீளத்தைக் கணக்குப் போட்டு ரிப்போர்ட் முதல் பக்கத்துல எழுதுங்க. ஹிஸ்டோகிராமை முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஒட்டுங்க. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல ஏதாவது மேப் ஓட்டினா, அது எத்தனையாவது படியில செத்துப் போகுது அல்லது சுழற்சியில மாட்டுதுன்னு ஒரு டேபிள் போடுங்க. ஒரு ராத்திரி வேலைகூட இல்ல.

நாங்க ஃபைனல் வைவாவுக்கு படத்தை 377க்கு 377ஆ மாத்தி, 14 தடவையில கரிசல் புஞ்சை திரும்பி வர்றதை லைவா ஓட்டிக் காட்டினோம். டைட்டிலும் மாறிடுச்சு: 'பிக்சல் வரிசைமாற்றங்களின் சுழற்சி நீளம்'. கேக்க கெத்தாவே இல்லன்னு டீம்ல ஒருத்தனுக்கு இன்னும் என் மேல வருத்தம்.